கருப்பைத் தழும்பு: சுரண்டும் முன் ஒரு கேள்வி

“தீட்டு இப்போதெல்லாம் ஒரே நாளில் நின்றுவிடுகிறது டாக்டர், அதுவும் சில சொட்டுகள்தாம். தொந்தரவு இல்லாமல் இருக்கிறதே, நல்லதுதானே என்று அத்தை சொல்கிறார்.” சில ஆண்டுகளுக்கு முன்பு என் அறையில் அமர்ந்து இப்படிச் சொன்ன பெண்ணுக்கு வயது 29. திருமணமான மறு ஆண்டு, ஒன்பதாவது வாரத்தில் கரு கலைந்திருக்கிறது. ஒரு மருத்துவமனையில் கருப்பையைச் ‘சுத்தம்’ செய்திருக்கிறார்கள். ரத்தப்போக்கு நிற்காததால் பத்து நாள் கழித்து மீண்டும் ஒரு முறை. அதன் பிறகு இரண்டரை ஆண்டுகளாகக் கருத்தரிக்கவில்லை. சினைமுட்டை வளர மாத்திரை, ஊசி, கணவருக்குப் பரிசோதனை, சத்து டானிக் என எல்லாம் நடந்திருந்தன. கருப்பைக்குள் எட்டிப் பார்க்க மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. நான் உள்நோக்கிக் கருவியைச் செலுத்திப் பார்த்தபோது, கருப்பையின் முன்சுவரும் பின்சுவரும் பாதிக்கு மேல் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன.

படத்தைக் காட்டி விளக்கியதும் அவர் கேட்டது ஒரே கேள்வி: “நான் என்ன தவறு செய்தேன்?”

அவர் எந்தத் தவறும் செய்யவில்லை. அதைச் சொன்ன அதே வேளையில் என் பயிற்சிக் காலம் நினைவுக்கு வந்தது. பட்ட மேற்படிப்பில் எங்களுக்குக் கற்பிக்கப்பட்ட பாடம் இது: ‘கியூரெட்’ என்னும் சுரண்டும் கருவியைப் பிடித்த கைக்கு, மணலில் கரண்டி உரசுவது போன்ற கரகரப்பு தட்டுப்படும் வரை சுரண்ட வேண்டும், அப்போதுதான் கருப்பை முழுமையாகச் சுத்தமாகியிருக்கிறது என்று பொருள். நானும் அப்படித்தான் செய்தேன். அந்தக் கரகரப்பு, உட்சவ்வைத் தாண்டித் தசையை நெருங்கிவிட்டோம் என்பதன் அறிகுறியாகவும் இருக்கக்கூடும் என்பதை நான் உணர்ந்தது பல ஆண்டுகள் கழித்துத்தான். கருப்பைத் தழும்பைப் பற்றி எழுதும் ஒரு மருத்துவர் இந்த ஒப்புதலிலிருந்து தொடங்குவதே நேர்மையாகும்.

எது தழும்பாகிறது?

கருப்பையின் உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வை எண்டோமெட்ரியம் என்கிறோம். இதில் இரண்டு அடுக்குகள் உண்டு. மேலடுக்கு ஒவ்வொரு மாதமும் தடித்து, கரு தங்காதபோது மாதவிலக்காக உதிர்கிறது. அடியடுக்கு உதிர்வதில்லை; வயலில் அறுவடைக்குப் பின்னும் மண்ணில் தங்கும் வேர்க்கட்டையைப் போல, அடுத்த மாதத்துக்கான சவ்வை அதுதான் முளைக்கச் செய்கிறது. இந்த அடியடுக்கு சிதைந்துபோனால் அந்த இடத்தில் சவ்வு மீண்டும் வளர்வதில்லை. புண்பட்ட இரு சுவர்களும் ஆறும்போது நார்த்திசுவால் ஒன்றோடொன்று பிணைந்துகொள்கின்றன. இதுவே கருப்பை உள் ஒட்டல் அல்லது ‘ஆஷர்மன் நோய்க்குறி’ எனப்படுகிறது.

கருப்பையைச் சுரண்டிய பின் மாதவிலக்கு அடியோடு நின்றுபோன ஒரு பெண்ணைப் பற்றி 1894-ஆம் ஆண்டிலேயே ஜெர்மானிய மருத்துவர் ஹைன்ரிச் ஃபிரிட்ச் எழுதினார். ஆயினும் 1948-இல் ஜோசஃப் ஆஷர்மன் என்ற மருத்துவர் இத்தகைய 29 பெண்களின் விவரங்களைத் தொகுத்து வெளியிட்ட பின்னரே மருத்துவ உலகம் இதைத் தனி நோயாக ஏற்றது. அந்தக் கட்டுரைக்கு அவர் இட்ட தலைப்பிலேயே ‘காயத்தால் நேர்ந்த மாதவிலக்கு நிறுத்தம்’ என்ற பொருள் அடங்கியிருந்தது. காயம் யாரால் நேர்ந்தது என்பதில் அவருக்கு ஐயம் இருக்கவில்லை.

இங்கே ஒரு குழப்பத்தை நீக்கிவிட வேண்டும். சிசேரியன் அறுவை சிகிச்சையின் தழும்பும் கருப்பைத் தழும்புதான். ஆனால் அது சுவரில் இருப்பது. அந்தத் தழும்புள்ள பெண்களில் பெரும்பாலோர் அடுத்த முறை இயல்பாகவே கருத்தரிக்கின்றனர். சிலருக்கு மட்டும் தையல் இட்ட இடம் குழிந்துபோய், மாதவிலக்கு முடிந்த பிறகும் பழுப்பு நிறக் கசிவு தொடரும், கருத்தரிப்பும் தாமதமாகலாம். கரு தழும்பிலேயே பதிவது, நஞ்சுக்கொடி தழும்பைத் துளைத்து ஊன்றுவது ஆகிய ஆபத்துகளும் உண்டு. ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி (2019–21) தமிழகத்தில் 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியனாக நடப்பதால் அது தனியே பேச வேண்டிய பொருள். இக்கட்டுரை பேசுவது கருப்பையின் உள்ளறையை அடைத்துவிடும் தழும்பைப் பற்றி.

யாருக்கு, ஏன்?

பெரும்பாலான ஒட்டல்கள் கர்ப்பத்தோடு தொடர்புள்ள ஒரு சிகிச்சைக்குப் பிறகே தோன்றுகின்றன: கருச்சிதைவுக்குப் பின் செய்யப்படும் ‘டி அண்ட் சி’, கருக்கலைப்பு, பிரசவத்துக்குப் பின் தங்கிவிட்ட நஞ்சுக்கொடித் துண்டை அகற்றுதல். கர்ப்பத்தை ஒட்டிய காலத்தில் கருப்பைச் சுவர் மிருதுவாக இருக்கிறது. கருவி எளிதில் ஆழமாக இறங்கிவிடும். பிரசவத்துக்குப் பிறகு, குறிப்பாகத் தாய்ப்பாலூட்டும் வாரங்களில், ஈஸ்ட்ரோஜன் சுரப்பு குறைந்திருப்பதால் சவ்வு விரைந்து வளர்ந்து காயத்தை மூடவும் இயலாது. பிரசவமான சில வாரங்கள் கழித்துச் செய்யப்படும் சுரண்டல் மிகுந்த ஆபத்துடையது என்பதற்கு இதுவே காரணம்.

கருச்சிதைவுக்குப் பின் ஓராண்டுக்குள் உள்நோக்கிக் கருவியால் பரிசோதிக்கப்பட்ட பெண்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2014-இல் ஒரு மதிப்பாய்வு வெளியானது. அவர்களில் ஏறத்தாழ 19 சதவீதத்தினருக்கு ஒட்டல் காணப்பட்டது. அவற்றில் பாதிக்கு மேற்பட்டவை லேசானவை என்பது ஆறுதல். சுரண்டல் ஒன்றுக்கு மேற்பட்ட முறை நடந்திருந்தால் ஆபத்தும் கூடியது என்பது எச்சரிக்கை. என்னிடம் வந்த அந்தப் பெண்ணுக்கு இரண்டாம் முறை செய்தபோது, உள்ளே எதுவும் மீந்திருக்கிறதா என்று ஸ்கேன் எடுத்துப் பார்த்ததற்கான குறிப்பு எதுவும் அவருடைய கோப்பில் இல்லை.

கருப்பையின் உட்புறம் துருத்தும் நார்க்கட்டிகளை அகற்றுதல், கருப்பையைப் பிரிக்கும் பிறவித் தடுப்பை நீக்குதல் ஆகிய அறுவை சிகிச்சைகளுக்குப் பின்னும் ஒட்டல் நேரலாம். இந்தியாவில் இவற்றோடு சேர்த்து எண்ண வேண்டிய காரணம் காசநோய்.

இருமல் இல்லாத காசநோய்

காசநோய் என்றதும் நுரையீரல்தான் நினைவுக்கு வரும். அந்தக் கிருமி ரத்தத்தின் வழியாகச் சினைக்குழாய்களை அடைந்து, அங்கிருந்து கருப்பையின் உட்சவ்வுக்கும் பரவக்கூடும். காய்ச்சலோ இருமலோ இல்லாமலும் இது ஆண்டுக்கணக்கில் நீடிக்கும். பல பெண்களுக்குக் குழந்தையின்மையே இதன் முதல் அறிகுறி. கருப்பையில் எந்தக் கருவியும் நுழையாத ஒரு பெண்ணுக்கு ஒட்டல் காணப்பட்டால் நம் நாட்டில் முதலில் ஐயுற வேண்டியது காசநோயைத்தான்.

இதை உறுதிசெய்வது எளிதன்று. மாதவிலக்குக்குச் சற்று முன்பாக உட்சவ்வின் ஒரு துணுக்கை எடுத்து, திசுப் பரிசோதனைக்கும் கிருமி வளர்ப்புக்கும் ‘சிபிநாட்’ மரபணுப் பரிசோதனைக்கும் அனுப்புகிறோம். அடிக்கடி நேரும் ஒரு பிழை, துணுக்கு முழுவதையும் ஃபார்மலினில் போட்டு அனுப்பிவிடுவது. ஃபார்மலின் கிருமியைக் கொன்றுவிடுவதால் வளர்ப்புப் பரிசோதனைக்கு அது உதவாது. ஒரு பகுதியை உப்புநீரில் தனியே அனுப்ப வேண்டும். கிருமியின் எண்ணிக்கை குறைவாக இருப்பதால், ‘இல்லை’ என்று முடிவு வந்தாலும் நோய் இல்லை என்று உறுதியாகக் கூற முடியாது. மறுபுறம், ரத்தத்தில் எதிரணுக்களைத் தேடும் காசநோய்ப் பரிசோதனைகள் நம்பத்தகாதவை என்பதால் 2012-இலேயே இந்திய அரசு அவற்றைத் தடைசெய்தது.

நோய் உறுதியானால் ஆறு மாத கூட்டு மருந்துச் சிகிச்சை அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கிறது. நிக்‌ஷய் திட்டத்தின் கீழ் 2018 முதல் மாதந்தோறும் வழங்கப்பட்டுவந்த ரூ.500 ஊட்டச்சத்து உதவித்தொகை, 2024 நவம்பரிலிருந்து ரூ.1,000 ஆக உயர்த்தப்பட்டுள்ளது. கருப்பைக் காசநோய் உள்ள பெண்களும் இதற்கு உரியவர்களே. ஆனால் மருந்து கிருமியைக் கொல்லுமே தவிர, ஏற்கெனவே விழுந்த தழும்பைக் கரைக்காது. காசநோயால் நேர்ந்த ஒட்டல், காயத்தால் நேர்ந்ததைவிடச் சிகிச்சைக்குக் குறைவாகவே இணங்குகிறது. இதை நோயாளியிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

அறிகுறியும் கண்டறிதலும்

சுரண்டலுக்கோ பிரசவத்துக்கோ பிறகு மாதவிலக்கு திடீரெனக் குறைந்துபோவது அல்லது நின்றுவிடுவது முதன்மையான அறிகுறி. உதிரம் வராமல், மாதந்தோறும் அந்த நாள்களில் அடிவயிற்று வலி மட்டும் வந்தால், வெளியேறும் வழி அடைபட்டு உள்ளே ரத்தம் தேங்குகிறது என்று பொருள். கருத்தரிக்காமை, தொடர் கருச்சிதைவு ஆகியவையும் அறிகுறிகளே. மாதவிலக்கு இயல்பாக இருக்கும் சிலருக்கும் லேசான ஒட்டல் இருக்கக்கூடும்.

நம் வீடுகளில் மாதவிலக்கு அதிகமானால் கவலைப்படுகிறார்கள். குறைந்தால் ‘ரத்தம் இல்லை’ என்று இரும்புச் சத்து மாத்திரை வாங்கித் தருகிறார்கள், அல்லது தொல்லை விட்டது என்று மகிழ்கிறார்கள். ஹார்மோன் அளவுகள் சரியாக இருந்தும், மாத்திரை கொடுத்தும் உதிரம் வரவில்லை எனில் குறை சினைப்பையில் இல்லை, கருப்பைக்குள் இருக்கிறது என்பதை மருத்துவரும் உணர வேண்டும்.

சாதாரண வயிற்று ஸ்கேனில் ஒட்டல் பெரும்பாலும் தப்பிவிடும். பிறப்புறுப்பு வழியே எடுக்கும் ஸ்கேனில் சவ்வு மெலிந்தோ இடையிடையே அறுபட்டோ தெரியலாம். கருப்பைக்குள் உப்புநீர் செலுத்தி எடுக்கும் ஸ்கேன், சாயம் செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரே, முப்பரிமாண ஸ்கேன் ஆகியவை கூடுதலாகக் காட்டும். எனினும் இறுதித் தீர்ப்பு ‘ஹிஸ்டரோஸ்கோபி’ எனப்படும் உள்நோக்கிப் பரிசோதனையிடமே இருக்கிறது. சில மில்லிமீட்டர் பருமனுள்ள குழாயின் முனையிலுள்ள கேமரா வழியே ஒட்டலை நேரில் பார்க்கலாம். உள்ளறையின் கால் பகுதிக்குள் அடங்கினால் லேசானது, முக்கால் பகுதி வரை பரவியிருந்தால் நடுத்தரமானது, அதைத் தாண்டினால் கடுமையானது என்ற வகைப்பாட்டை 1978-இல் அமெரிக்க மருத்துவர் சார்லஸ் மார்ச்சும் அவருடைய குழுவினரும் வகுத்தனர். இன்றும் அது வழக்கில் உள்ளது. சிகிச்சைக்கு முன்பு நோயாளி தம் நிலை எந்த வகை என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. பின்னர் எந்த மருத்துவரிடம் சென்றாலும் அந்த ஒரு வரி உதவும்.

சிகிச்சை: வெட்டுவது எளிது, வளர்ப்பது அரிது

மாத்திரையால் ஒட்டல் பிரியாது. உள்நோக்கிக் கருவியோடு நுண்ணிய கத்தரிக்கோலைச் செலுத்தி, கண்ணால் பார்த்தபடியே பிரித்து விடுவதே சிகிச்சை. மின்சாரத்தால் சுட்டுப் பிரித்தால், மீந்திருக்கும் நல்ல சவ்வும் கருகக்கூடும் என்பதால் இயன்றவரை கத்தரிக்கோலே விரும்பத்தக்கது. கடுமையான ஒட்டலில் சுவர் எது, தழும்பு எது என்று பிரித்தறிவது கடினம். கருப்பையில் ஓட்டை விழும் ஆபத்து உண்டு. எனவே ஸ்கேன் அல்லது லேப்ராஸ்கோபியின் துணையோடு, இதில் பழகிய கைகளே இதைச் செய்ய வேண்டும். ஒரே அமர்வில் முடிக்க இயலாமல் இரண்டு, மூன்று கட்டங்களாகச் செய்ய நேர்வதும் உண்டு.

உண்மையான போராட்டம் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. பிரித்த சுவர்கள் மீண்டும் ஒட்டிக்கொள்ளவே முயலும். லேசான, நடுத்தர ஒட்டல்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கும், கடுமையான நிலையில் மூன்றில் இருவர் வரையிலும் ஒட்டல் திரும்புவதாக மருத்துவ இலக்கியம் கூறுகிறது. இதைத் தடுக்கச் சுவர்களுக்கிடையே சில நாள்கள் சிறு பலூனையோ, தாமிரம் இல்லாத வளையத்தையோ வைக்கிறோம். தாமிரம் அழற்சியைத் தூண்டும் என்பதால் வழக்கமான ‘காப்பர் டி’ இதற்கு ஏற்றதன்று. ஹயலூரானிக் அமிலக் களிம்பு பூசுவதும் உண்டு. சவ்வு வளரச் சில வாரங்கள் ஈஸ்ட்ரோஜன் மாத்திரை தரப்படுகிறது. இத்தகைய தடுப்புகள், குறிப்பாகக் களிம்பு, மீண்டும் ஒட்டுவதைக் குறைக்கக்கூடும் என்பதற்குச் சான்று உண்டு. குழந்தை பிறக்கும் வாய்ப்பைக் கூட்டுகின்றன என்பதற்கு உறுதியான சான்று இன்னும் இல்லை.

ஒன்றிரண்டு மாதங்களுக்குள் மறுபடியும் உள்நோக்கிப் பார்ப்பது இன்றியமையாதது. புதிதாகத் தோன்றிய மெல்லிய ஒட்டல்களை அப்போது எளிதில் நீக்கிவிடலாம். செலவுக்கு அஞ்சியோ, உதிரம் வரத் தொடங்கிவிட்டது என்ற நிம்மதியிலோ பலர் இந்த இரண்டாம் பரிசோதனைக்கு வருவதில்லை. முதல் அறுவை சிகிச்சையின் பயன் பெரும்பாலும் அங்கேதான் வீணாகிறது.

பலன் எவ்வளவு? சீனாவின் பெரியதொரு மகளிர் மருத்துவமனை 2017-இல் வெளியிட்ட அனுபவத்தின்படி, சிகிச்சைக்குப் பின் கருத்தரித்தோர் லேசான நிலையில் ஏறத்தாழ 61 சதவீதம், நடுத்தர நிலையில் 53, கடுமையான நிலையில் 25. வயது ஏற ஏற இந்த எண்கள் குறையும். ‘உங்களுக்குக் குழந்தை பிறக்கும்’ என்று வாக்களிப்பதும், ‘இனி வாய்ப்பே இல்லை’ என்று கைவிரிப்பதும் ஒருசேரத் தவறு என்பதையே இந்த எண்கள் காட்டுகின்றன.

செயற்கைக் கருத்தரிப்பு ஒட்டலுக்கு மருந்தாகாது என்பதையும் அழுத்திச் சொல்ல வேண்டும். ஆய்வகத்தில் எத்தனை சிறந்த கருவை உருவாக்கினாலும், அது பதிய வேண்டிய இடம் தழும்பாகவே இருந்தால் பயனில்லை. முதலில் கருப்பையைச் சீர்செய்து, சவ்வு வளர்கிறதா என்று பார்த்த பிறகே கருவைச் செலுத்த வேண்டும். காசநோயால் சினைக்குழாய்களும் அடைபட்ட பெண்களுக்கு, சவ்வு நன்றாக இருக்கும் பட்சத்தில், இந்த முறை தேவைப்படும்.

கருவுற்ற பின்னும் கவனம்

ஒட்டல் நீக்கப்பட்ட கருப்பையில் தங்கிய கர்ப்பம் சாதாரண கர்ப்பமன்று. கருச்சிதைவு, குறைப்பிரசவம் ஆகியவற்றின் வாய்ப்பு கூடுதல். எல்லாவற்றினும் அஞ்ச வேண்டியது, நஞ்சுக்கொடி தசைக்குள் ஊன்றிப் பிரசவத்துக்குப் பின் பிரிய மறுப்பது. கட்டுக்கடங்காத ரத்தப்போக்கில் உயிரைக் காக்கக் கருப்பையையே அகற்ற நேரலாம். ஆகவே நஞ்சுக்கொடி எங்கே, எப்படிப் பதிந்திருக்கிறது என்று ஸ்கேனில் குறிப்பாகப் பார்க்க வேண்டும். ரத்த வங்கியும் அறுவைக் கூடமும் அனுபவமுள்ள மருத்துவர்களும் உள்ள மருத்துவமனையிலேயே பிரசவம் நடக்க வேண்டும். பழைய சுரண்டலையும் ஒட்டல் நீக்கத்தையும் பிரசவம் பார்ப்பவரிடம் மறைக்கக் கூடாது. முதல் கர்ப்பம் கலைந்ததைப் புகுந்த வீட்டாரிடம் சொல்லாமல் மறைத்த காரணத்தாலேயே மருத்துவரிடமும் மறைத்துவிடும் பெண்களை நான் கண்டிருக்கிறேன்.

கருப்பை மீளாதபோது

எத்தனை முறை முயன்றாலும் சவ்வு வளராத பெண்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு வழி அடைபட்டுவிடவில்லை. வாடகைத்தாய் ஒழுங்குமுறைச் சட்டம், 2021 வணிக நோக்கிலான வாடகைத்தாய் முறையைத் தடைசெய்தாலும், பிரதிபலன் கருதாத முறையை அனுமதிக்கிறது. அதன் கீழ் 2022-இல் வகுக்கப்பட்ட விதிகள், எந்த மருத்துவக் காரணங்களுக்காக ஒரு பெண் இவ்வழியை நாடலாம் என்று பட்டியலிடுகின்றன. அதில் கருப்பை உள் ஒட்டலும், மெலிந்த சவ்வும் பெயர் சொல்லியே இடம்பெற்றுள்ளன. இதை அறியாமல் தகுதியுள்ள தம்பதியரும் ஒதுங்கி நிற்கிறார்கள். மாவட்ட மருத்துவ வாரியத்தின் சான்று, நீதித்துறை நடுவரின் ஆணை, வாடகைத்தாய்க்கு 36 மாதக் காப்பீடு ஆகியவை கட்டாயம். வாடகைத்தாய் 25 முதல் 35 வயதுக்குள், திருமணமாகித் தமக்கென ஒரு குழந்தை உள்ளவராக இருக்க வேண்டும். வாழ்நாளில் ஒரு முறை மட்டுமே அவர் முன்வரலாம். நடைமுறையில் அத்தகைய ஒருவரைக் கண்டடைவது கடினம் என்பதையும் மறைப்பதற்கில்லை.

தத்தெடுப்பு, மத்திய தத்தெடுப்பு ஆணையத்தின் (காரா) இணையப் பதிவு வழியாகத் தொடங்கலாம். காத்திருப்பு நீண்டது. எனவே சிகிச்சையெல்லாம் தோற்ற பிறகு யோசிக்கலாம் என்று தள்ளிவைக்காமல், சிகிச்சையின் போதே பதிவு செய்துகொள்ளலாம் என்பதே நான் கூறும் யோசனை.

கருப்பை மாற்று அறுவை சிகிச்சையும் இன்று வெறும் கனவில்லை. மாற்றப்பட்ட கருப்பையிலிருந்து உலகின் முதல் குழந்தை 2014-இல் ஸ்வீடனில் பிறந்தது. இந்தியாவில் 2018 அக்டோபரில் புணேயில் பிறந்த முதல் குழந்தையின் தாய், ஆஷர்மன் பாதிப்பால் கருப்பை பயனிழந்த ஒரு குஜராத் பெண்; அவருக்குக் கருப்பையை வழங்கியவர் அவரைப் பெற்ற தாய். வியப்புக்குரிய செய்திதான். ஆனால் இரு பெரிய அறுவை சிகிச்சைகள், உறுப்பை உடல் நிராகரிக்காதிருக்கத் தொடர் மருந்து, பெருஞ்செலவு ஆகியவை அதன் விலை. சாதாரணக் குடும்பங்களுக்கான தீர்வாக அதை இன்று பரிந்துரைக்க இயலாது.

தண்டு செல் சிகிச்சை குறித்து அதிகம் கேட்கிறார்கள். 2011-இல் அகமதாபாத் மருத்துவர்கள் ஒரு நோயாளியின் எலும்பு மஜ்ஜை செல்களைப் பயன்படுத்திச் சவ்வை வளரச் செய்ததாகப் பதிவு செய்தனர். 2016-இல் ஸ்பெயினில் இருபதுக்கும் குறைவான பெண்களிடம் நடந்த ஆய்வு நம்பிக்கை அளித்தது. நம்பிக்கை வேறு, நிரூபணம் வேறு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு வழிகாட்டுதலின்படி, இத்தகைய தண்டு செல் பயன்பாடு முறையான ஆய்வுக்கு வெளியே அனுமதிக்கப்படவில்லை. ஆய்வில் பங்கேற்பவரிடம் கட்டணம் கேட்டால் அதை ஐயத்தோடு நோக்க வேண்டும். ரத்தத் தட்டணுச் செறிவை (பிஆர்பி) கருப்பைக்குள் செலுத்துவதும் இன்னும் சோதனை நிலையில் உள்ள முறைதான்.

வரும் முன் காக்க முடியும்

இந்த நோயின் தனித்தன்மை, பெருமளவு தவிர்க்கக்கூடியது என்பதே. உலக சுகாதார நிறுவனம் பாதுகாப்பான கருக்கலைப்புக்கான தன் வழிகாட்டுதல்களில், கூர்முனைச் சுரண்டல் கூடாது என்றும், உறிஞ்சு முறையோ மாத்திரைகளோ அதன் இடத்தைப் பிடிக்க வேண்டும் என்றும் தெளிவாகக் கூறுகிறது. கலைந்த கருவில் பல தாமாகவே வெளியேறிவிடும். நிலைமை சீராக இருந்தால் சில நாள்கள் காத்திருக்கலாம். மருத்துவர் கண்காணிப்பில் மாத்திரையும் தரலாம். 2018-இல் அமெரிக்காவில் 300 பெண்களிடம் நடந்த ஆய்வில், மிசோபிராஸ்டால் மட்டும் பெற்றவர்களில் 67 சதவீதத்தினருக்கும், அதற்கு முன் மிஃபெப்ரிஸ்டோனும் பெற்றவர்களில் 84 சதவீதத்தினருக்கும், முதல் முறையிலேயே கரு முழுமையாக வெளியேறியது. கருவி தேவைப்பட்டால் மிருதுவான குழாய் கொண்ட உறிஞ்சு கருவி போதும். பிரசவத்துக்குப் பின் தங்கிய துண்டை, கண்மூடித்தனமாகச் சுரண்டாமல் ஸ்கேன் அல்லது உள்நோக்கியின் துணையோடு அகற்றலாம்.

ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். ரத்தப்போக்கு மிகுந்தாலோ, காய்ச்சலோடு கருப்பையில் கிருமித்தொற்று இருந்தாலோ, உடனடியாகக் கருப்பையை வெறுமையாக்குவதே உயிர்காக்கும் செயல். தழும்புக்கு அஞ்சி அதைத் தள்ளிப்போடக் கூடாது. நான் எதிர்ப்பது அவசரமில்லாத சூழலில், வழக்கம் என்ற ஒரே காரணத்தால் எடுக்கப்படும் அந்தச் சுரண்டியை மட்டுமே.

ஆகவே ‘சுத்தம் செய்ய வேண்டும்’ என்று கேட்கும் எந்தப் பெண்ணும், உடன் நிற்கும் கணவரும் தாயும், நான்கு கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள். இது அவசரமா, காத்திருக்கலாமா? மாத்திரையால் முடியுமா? கருவி வேண்டுமென்றால் உறிஞ்சு முறையா, சுரண்டலா? இரண்டாம் முறை என்றால், உள்ளே மீந்திருப்பதை ஸ்கேன் உறுதிசெய்ததா? பின்னர் வழக்கமான மாதவிலக்கு திரும்பவில்லை என்றால் மூன்று மாதங்களுக்கு மேல் காத்திருக்க வேண்டாம்.

அரசும் மருத்துவக் கல்வியும் செய்ய வேண்டியவை உண்டு. பயிற்சி மருத்துவர்களுக்குச் சுரண்டியைப் பழக்கும் முறை கைவிடப்பட வேண்டும். எந்தக் கருவி, எத்தனையாவது வாரம், எத்தனையாவது முறை என்ற விவரம் வீடு திரும்பும் சீட்டில் கட்டாயமாக எழுதப்பட வேண்டும். மாவட்டத் தலைமை மருத்துவமனைகள் அனைத்திலும் உள்நோக்கிப் பரிசோதனை கிடைக்க வேண்டும். இவை பெருஞ்செலவு பிடிக்கும் கோரிக்கைகள் அல்ல.

என்னிடம் வந்த பெண்ணுக்கு இரண்டு அறுவை சிகிச்சைகள் தேவைப்பட்டன. பதினான்கு மாதங்களுக்குப் பிறகு கருவுற்றார். முப்பத்தாறாவது வாரத்தில் குழந்தை பிறந்தது. நஞ்சுக்கொடி ஓரிடத்தில் பிரியாமல் பற்றிக்கொண்டதால் நான்கு பாட்டில் ரத்தம் ஏற்ற நேர்ந்தது. தாயும் மகளும் நலம். அவரது கருப்பையையும் காப்பாற்றிவிட்டோம். அன்று இரவு அறுவைக் கூடத்துக்கு வெளியே காத்திருந்த அவருடைய மாமியார் என்னிடம், “அன்றைக்கே எங்களிடம் யாராவது சொல்லியிருக்கலாமே டாக்டரம்மா” என்றார். சொல்லியிருக்கத்தான் வேண்டும். அதற்காகவே இப்போது எழுதுகிறேன்.

*கட்டுரையாளர்: மகப்பேறு, மகளிர் நோயியல் மருத்துவர்.*